வெங்காயத் தோலும் ஞாயிற்றுக்கிழமை போனும்

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் என் தையல் மெஷினும் நல்ல சுகம். நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பத்தாம் வகுப்பு பாஸாகிவிட்டேன்! போன தடவை காலை வாரிவிட்ட அதே அறிவியலிலும்தான். போனில் சொன்னால் நடுவில் புகுந்து கேள்வி கேட்பாய், அதனால்தான் கடிதம். செய்முறைத் தேர்வில் வெங்காயத் தோலை உரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தால் செங்கல் அடுக்கின மாதிரி வரிசையாக செல், நடுவில் கறுப்பு வளையம் போட்டு ஒரு பெரிய வட்டம், ஆஹா இதுதான் உட்கரு என்று கொட்டை எழுத்தில் பெயரெழுதிப் படமே வரைந்துவிட்டேன். தேர்வாளர் குனிந்து பார்த்துவிட்டு, "இது காத்துக் குமிழிம்மா" என்று சிரித்தார், இந்தத் தடவையும் போச்சுடா என்று நினைத்தேன். அப்புறம் செல் கொள்கையைக் கேட்டார். உயிருள்ளது எல்லாம் செல்லால் ஆனது, உயிரின் அடிப்படை அலகு செல்தான், செல்லிலிருந்துதான் செல் வரும் என்று ஞாயிறுதோறும் நீ போனில் உருப்போட வைத்ததை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அடுத்து, அணுக்கள் எப்படி ஒட்டிக்கொள்கின்றன என்றார். எலக்ட்ரானைப் பங்கு போட்டுக்கொண்டால் சகப்பிணைப்பு, நீயும் அண்ணனும் ஒரே போர்வையை இழுத்துக்கொண்டு படுப்பீர்களே அந்த மாதிரி, ஒன்று கொடுத்து மற்றது வாங்கி ஒட்டிக்கொண்டால் அயனிப் பிணைப்பு என்றேன். டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் எது சேர்த்துப் பிடிக்கிறது என்றார். ஹைட்ரஜன் பிணைப்பு சார், மெஷினில் தைக்கும் முன் துணி நகராமலிருக்க நாங்கள் கையால் ஓட்டுகிற நூல் மாதிரி, ஒரு தையலை இழுத்தால் வந்துவிடும், வரிசையாக விழுந்தால் துணி அசையாது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "யாரும்மா உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது?" என்றார். என் மகள் என்றேன். உன் அப்பா மார்க் ஷீட்டைத் தெரு முழுக்கக் காட்டியாகிவிட்டது, பால்காரர் இரண்டு தடவை பார்த்தாராம்.

ஆனால் ஒரு கவலை வந்தது. முன்பெல்லாம் நீ கூப்பிட்டால் சாப்பிட்டியா, தூங்கினியா, அதற்குமேல் நம் இரண்டு பேருக்கும் பேச்சு இருக்காது. பாடம் ஆரம்பித்த பிறகுதான் மணிக்கணக்காகப் பேசினாய், மக்கு என்று திட்டக்கூடச் செய்தாய். இனி எதைச் சொல்லிக் கூப்பிடுவாய்? அதனால் நேற்றே போய் மேல் வகுப்பில் சேர்ந்துவிட்டேன், வேதியியலும் உண்டு. புத்தகத்தைப் புரட்டினேன், ஒரு மண்ணும் புரியவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம்.

ஈரத் தலையோடு வெளியே போகாதே. என் ஆயுளையும் சேர்த்து நீ நன்றாயிரு. ஞாயிற்றுக்கிழமை மறந்துவிடாதே, முதல் பாடம் அணு அமைப்பாம்.

உன் மக்கு மாணவி,
அம்மா