குசினிக் கதவு நிலை

மகள் பூரணம்,

செங்கலடிச் சந்தைக்குப் போகிறேன். மீன்கறி குசினியில், அடுப்புக்கு மேலே உறியில் இருக்கிறது.

கதவு வேலைக்கு ஓடாவியார் வருவார். நேற்று நான் மறுத்ததை மறந்துவிடு. குசினி நிலையைக் கழற்றி உயர்த்தட்டும். மருமகனும் எத்தனை நாள் தலையை இடிப்பார்? ஈரமரம் கொண்டுவந்தால் திருப்பி அனுப்பு. மலிவாகத்தான் இருக்கும், காய்ந்ததும் கோணிவிடும்.

வீடு கட்டியபோது உன் அம்மாவை நிற்கவைத்து அளவெடுத்ததால் வந்த பிழை அது. நான் இடித்துக்கொள்ளும்போதெல்லாம், "குனிஞ்சு வாங்க, இது என்ட சீதன வீடு" என்று சிரிப்பாள்.

அப்பா

பி.கு.: அவள் போன பிறகும் தலை இடிக்கும்போது அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்கும். நேற்றைய கோபம் அதற்குத்தான். பழைய மேல்மரத்தை அடுப்பில் வைத்துவிடாதே. என் அறை வாசலில், அதே உயரத்தில் பொருத்தச் சொல்.