சிலுவை போட்ட பெயர்கள்

சேசு மரி சூசை

காரைக்கால்
9.11.87

அன்பு மகன் பிலோமின்ராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதா புண்ணியத்தில் இங்கே நானும் வீடும் சுகம். அங்கே பிரான்சில் நீயும் மருமகள் அந்தோணிமேரியும் குழந்தையும் குளிர் படாமல் இருக்கிறீர்களா என்பதைப் பதிலில் முதல் வரியிலேயே எழுது, கடைசியில் எழுதினால் அதுவரை படிக்க எனக்குப் பொறுமை இருக்காது. இத்தனை நாள் நான் சொல்லச் சொல்ல அப்பா எழுதுவார், இப்போது நானே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் கோபிக்காதே, அவர் கையெழுத்தைப் பார்த்துப் பழகின கண்ணுக்கு எனக்கே இது பிடிக்கவில்லை. இங்கே மழை பிடித்துக்கொண்டது. கூடத்தில் ஒழுகிய இடத்தில் ஓடு மாற்றிவிட்டேன், இனி பாத்திரம் வைக்க வேண்டாம். முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் பூசைக்கு நடந்து போய் வருகிறேன், அதனால் கவலைப்படாதே.

அப்பாவை அடக்கம் செய்ய வந்தவன் திரும்பிப் போகும்போது அவருடைய டைரியை எடுத்துப் போனாயே, அதிலுள்ள பேர், விலாசம், விசேஷ தேதி எல்லாவற்றையும் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றி அச்சடித்து நீ அனுப்பிய தாள்கள் வந்து சேர்ந்தன. ஓரமெல்லாம் ஓட்டை போட்டு, மடிப்பு மடிப்பாக, எல்லாம் பிரெஞ்சு எழுத்து. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பா தருமபுரத்து ஆட்களை ஒரு பக்கம், போலகத்து ஆட்களை ஒரு பக்கம் என்று சைக்கிளில் போகிற வழி வரிசையிலேயே எழுதி வைத்திருந்தார், உன் மிஷின் தன் போக்கில் எல்லோரையும் கலைத்துப் போட்டுவிட்டதாம். அது போகட்டும். டைரியில் பேரோடு சிலுவை போட்டிருப்பவர்கள் எல்லாம் இறந்தவர்கள், அவர்களைத் தனித் தாளில் பிரித்துவிட்டேன் என்று நீ எழுதியிருந்தாய். கல்லறைத் திருநாளன்று பேர் கூப்பிட உதவுமே என்று அந்தத் தாளை அப்படியே கோயில் உபதேசியார் மரியசூசையிடம் கொடுத்துவிட்டேன், அவருக்குப் பிரெஞ்சு படிக்கத் தெரியும். அப்பா பேர் முதல்முதலாகக் கூப்பிடுகிற வருஷம், அது காதில் விழ வேண்டும் என்றுதான் அத்தனை தூறலிலும் குடையும் சாமந்தியும் மெழுகுவத்தியுமாகப் போனேன். நீ அனுப்பிய தாளில் அவர் பேர்தான் முதலில் இருக்கும் என்று நினைத்து, தனியாக எழுதிக் கொடுக்கவில்லை.

நடந்ததைக் கேள். சாமியார் கல்லறைகளை மந்திரித்து முடித்ததும் உபதேசியார் நம் தாளை எடுத்து ஒவ்வொரு பேராகப் படிக்க, நாங்கள் எல்லோரும் செத்தவர்களுக்குச் சொல்கிற இளைப்பாற்றி செபத்தைச் சொல்லிக்கொண்டு வந்தோம். திருவேட்டக்குடி சலோமி என்று படித்தார். பழக்கத்தில் எல்லோரும் இளைப்பாற்றி சொல்லிவிட்டார்கள், நானும் சொல்லிவிட்டேன். பார்த்தால், நமக்கு மீன் கொண்டுவருகிற அதே சலோமி அவள் அம்மா கல்லறைப் பக்கத்தில் மெழுகுவத்தியோடு நிற்கிறாள். என்னங்க உபதேசியாரே, காலையில மத்திக்குப் பேரம் பேசுனீங்களே, அது என்ன ஆவிகிட்டயா பேசுனீங்க என்று ஒரு சத்தம் போட்டாள். சாமியார் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்கியது எனக்குத் தெரிந்தது. உபதேசியார் விடவில்லை, இது பிரான்சுலேருந்து வந்த தாளும்மா, மிஷின் போட்டது, தப்பா இருக்குமா என்றார். அடுத்த பேரைப் படிக்க வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். அது அவர் பேர். சலோமி சும்மா இருப்பாளா, ஏன் நிறுத்திட்டீங்க, படிங்க, உங்களுக்கும் நான் இளைப்பாற்றி சொல்லணுமுல்ல என்றாள். கல்லறையில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

உன்மேல் தப்பில்லை, இது உனக்கு எப்படித் தெரியும். அப்பா இறந்தவர்களுக்குப் பேருக்கு மேலே சிலுவை போடுவார், ஞானப்பிள்ளைகளுக்குப் பேருக்குப் பக்கத்தில் போடுவார். சலோமிக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பன் அவர்தான், மரியசூசைக்கு உறுதிபூசுதலுக்கு நின்றதும் அவர்தான். மேலே இருந்தாலும் பக்கத்தில் இருந்தாலும் மிஷினுக்குச் சிலுவை சிலுவைதானே.

சிரிப்பு அடங்கி மிச்சப் பேர்களையும் படித்து முடித்துத் தாளை மடித்துவிட்டார்கள், அப்பா பேர் வரவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, தன் டைரியில் தன் பேரை யார் எழுதி வைப்பார்கள். எல்லோரும் அவ்வளவு சிரித்த பிறகு நான் எப்படி வாய் திறப்பது, மெழுகுவத்தி அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன். சலோமி என் முகத்தைப் பார்த்தாள். நேரே சாமியாரிடம் போய், சாமி, உசிரோட இருக்குற என்னைக் கூப்பிட்டீங்க, எங்க ஞானத்தகப்பனை விட்டுட்டீங்களே, எனக்குச் சொன்ன இளைப்பாற்றி எனக்கு வேணாம், அந்த எடத்துல அவரு பேரைச் சொல்லுங்க என்றாள். சாமியார் தாள் எதுவும் பார்க்காமல் அவரே உரக்க, அருளானந்தம் என்றார். அத்தனை பேரும் திருப்பிச் சொன்னார்கள் ராஜு, மழைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. நான் அழுதேன்தான், ஆனால் வீட்டுக்கு வந்து வயிறு நிறையச் சாப்பிட்டேன், ஈஸ்டருக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகத் தூங்கினேன். மறுநாள் சலோமி கூடையை இறக்கும்போதே, செத்தவ வந்திருக்கேன், மீன் வேணுமாம்மா என்றாள். இப்போது தெருவே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறது, அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஆபீசில் மிஷினை மாற்றுகிறார்கள், பழையதில் உள்ள பேரும் தேதியும் எல்லாம் புதியதற்குப் போகப் போகிறது என்று எழுதியிருந்தாயே, மாற்றுவதற்கு முன்னால் இதைச் செய். சலோமியையும் மரியசூசையையும் உயிரோடு இருப்பவர்கள் பக்கம் கொண்டுவா. மற்றச் சிலுவைகளையும் டைரியை வைத்து ஒரு முறை சரி பார். அப்பாவைச் சேர். தேதி கேட்டால் ஏப்ரல் பதினாறு என்று போடு, ஆனால் எனக்கு அவர் ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று போனவர், பெரிய வியாழன் வருஷா வருஷம் நகரும், மிஷினுக்கு அது தெரியுமா என்று கேட்டு எழுது. தெரியாவிட்டால் பரவாயில்லை, இரண்டு நாளும் பூசை வைத்துக்கொள்கிறேன். வேலை முடிந்ததும் டைரியை எனக்கு அனுப்பிவிடு, சைக்கிள் போன வழியிலேயே ஆட்களைத் தேடினால்தான் எனக்குக் கிடைக்கிறார்கள்.

குழந்தைக்குக் காதை மூடிக் குல்லா போடு. மருமகளுக்கு உதவியாக இரு, அப்பாவைப் போல எல்லாவற்றையும் உட்கார்ந்த இடத்திலிருந்து கேட்காதே. சேசுநாதர் கை உங்கள் மூன்று பேர் தலைமேலும் இருக்கட்டும். ஒன்று மட்டும் மறக்காதே, அப்பா பேருக்கு மிஷின் விலாசம் கேட்டால் கல்லறை என்று போட்டுவிடாதே, நம் வீட்டு விலாசத்தையே போடு.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அம்மா
செல்வம்மாள்