பாசிட்டிவாகப் பேசச் சொன்னார்கள்

இன்று காலை பள்ளி வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது, பக்கத்து வேதக்கோயில் கூரையில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, "ஹலோ, மைக் டெஸ்ட்" என்று யாரோ கரகரத்தார்கள். கொரோனா வருடத்தில் அதே ஸ்பீக்கரில் நீ பாடம் நடத்தக் கேட்ட காது எனக்கு. அதில் வேறு யார் குரல் வந்தாலும் எரிச்சல்தான் வருகிறது, என்ன செய்ய?

இன்று நம் பள்ளியின் ஸ்தோத்திர ஆராதனை. கொரோனா ஓய்ந்த பிறகு வருடா வருடம் நடத்துகிறார்கள், நீ பார்த்ததில்லை. ஒவ்வொருவராக எழுந்து கடவுள் தமக்குச் செய்த நன்மையைச் சாட்சி சொல்ல வேண்டும். சபை "ஸ்தோத்திரம்" என்று பதில் கொடுக்கும். இந்த முறை தாளாளர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். "ரெண்டு நிமிஷம் போதும் டீச்சர். பழசெல்லாம் வேணாம். பாசிட்டிவா பேசுங்க" என்றார்.

பாசிட்டிவ்! என்னிடம் அதைச் சொல்ல அவருக்கு எப்படி வாய் வந்தது? நீ போனில் எனக்குக் கடைசியாகச் சொன்னதே அந்த வார்த்தைதானே. "இன்னாமே, பாசிட்டிவாம் எனக்கு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய், இருமலோடு. மறுநாள் உன்னைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். நீ திரும்பி வரவில்லை. அடக்கத்துக்கு நாலு பேர், ஒரு ஜெபம், அவ்வளவுதான்; ஒரு பாட்டுகூட இல்லை. உன் முகத்தை எனக்குக் காட்டவே இல்லை.

ஆன்லைன் வகுப்பு என்று சொன்னபோது அணுபுரத்தில் இருக்கிற எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வைஃபை இருந்தது, லேப்டாப் இருந்தது, கதவைச் சாத்தினால் அமைதி. கடப்பாக்கம் குப்பத்தில் உன் வகுப்புப் பிள்ளைகளுக்கு வீட்டுக்கு ஒரு போன் இருந்தாலே அதிகம். நீ புலம்பிக்கொண்டு உட்காரவில்லை. கோயில் ஸ்பீக்கரைக் கேட்டு வாங்கினாய். பிள்ளைகள் அவரவர் வாசலில் சிலேட்டோடு உட்கார, நீ கோயில் படியில் நின்று மைக்கில் வாய்ப்பாடு சொன்னாய். வலையைப் பிரித்துக்கொண்டிருந்த ஆட்கள்கூட, "டீச்சரு, ஏழெட்டு அம்பத்தாறு, கரீட்டா கீதா?" என்று கத்துவார்கள். "கரீட்டு, அடுத்தத சொல்லு" என்று நீயும் விடமாட்டாய்.

ஒருநாள் புத்தகங்கள் கொடுக்க வந்தேன். பாடத்தை முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாய். பிள்ளைகள் நன்றி சொல்வது போல வீடியோ எடுத்து அனுப்பும்படி தாளாளர் கேட்கிறார் என்று சொன்னேன். அவ்வளவுதான், வெடித்துவிட்டாய். "இன்னா நன்றி? போட்டெல்லாம் கரையில கெடக்குது. அடுப்பு எரியல. புள்ளைங்க காஞ்ச வயித்தோட குந்திகினு கீதுங்க. மொதல்ல சோத்தப் போடச் சொல்லு, அப்பால ஸ்தோத்திரம் சொல்லிக்கலாம்!"

மைக்கை நீ அணைக்கவே இல்லை. குப்பம் முழுக்கக் கேட்டுவிட்டது. நான் மைக்கைக் காட்டியதும் நாக்கைக் கடித்துக்கொண்டு, "அய்யய்யோ, செத்தேன்" என்றாய். பொழுது சாய்வதற்குள் கொஞ்சம் வசதி இருக்கிற வீட்டுக்காரர்கள் படி அரிசி, அரைப்படி அரிசி என்று கொண்டுவந்தார்கள். மாரியம்மன் கோயில் அண்டா நம் கோயில் வளாகத்துக்கு வந்தது. அன்றிலிருந்து கஞ்சி காய்ச்சாத நாள் இல்லை. தாளாளரும் பிறகு மூட்டை மூட்டையாக அரிசி அனுப்பினார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படிப்பட்ட மனிதர்தான் இன்று மைக்கைப் பிடித்து, "நம்மில் ஒருவரையும் இழக்காமல் இம்மட்டும் காத்த தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்றார். சபையும் "ஸ்தோத்திரம்" என்றது. ஒருவரையுமா? அப்படியானால் நீ யார்? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடுத்து என்னைக் கூப்பிட்டார்.

எழுந்து போனேன். "எங்க ஸ்கூல்ல ஒருத்தர் செத்துப்போனாங்க. அவங்க ஏன் போனாங்கன்னு எனக்கு இன்னும் புரியல. அதுக்கு என்னால நன்றி சொல்ல முடியாது. அவங்களுக்குத்தான் நன்றி சொல்ல வந்தேன்" என்று சொல்லி உன் பெயரைச் சொன்னேன். ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். சாவுக்கு ஸ்தோத்திரம் சொல்லலாமா கூடாதா என்று சபைக்குத் தெரியவில்லை போலும்.

தாளாளர் மெதுவாகத்தான் சொன்னார்: "ஸ்தோத்திரம் தேவனுக்குத்தான் டீச்சர். மனுஷருக்கு இல்ல."

பின் வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். மீன் விற்கிறவர், அவர் மகள் உன் வகுப்பில்தான் படித்தாள். "சாமி கீறாரு நைனா, இல்லேன்னு சொல்லல. ஆனா எங்க தெருவாண்ட வந்து நின்னது அந்த டீச்சருதான்" என்றார். சொல்லிவிட்டு, தானே உரக்க, "ஸ்தோத்திரம்!" என்றார். குப்பத்துப் பெண்கள் பக்கமிருந்து இன்னும் சில குரல்கள் சேர்ந்தன. தாளாளர் அவசரமாக அடுத்த பாட்டை அறிவித்தார்.

இனி என்னைச் சாட்சிக்குக் கூப்பிட மாட்டார்கள். போகட்டும். மனதை ஆற்றிக்கொள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு ஆற வேண்டாம். ஆறிவிட்டால், அடுத்த வருடம் நானும் "ஒருவரையும் இழக்கவில்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன்.