கால்வாய்த் தண்ணீரும் அப்பாவின் ஷிஃப்டும்

வீட்டில் இருப்பது அவளும் அப்பாவும்தான். அப்பா ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று அவள் நின்றுகொண்டே சீட்டு எழுதினாள்.

"அப்பா, சாப்பாடு மூடி வெச்சிருக்கேன், சூடு பண்ணிச் சாப்பிடுங்க. காலை நேரத்துல எடுத்த கால்வாய்த் தண்ணிய சோதிச்ச அறிக்கைய இன்னைக்கு நகராட்சியில குடுக்கறேன். உங்க சாயப்பட்டறை பேரும் இருக்கு. மூணு நாளா நீங்க பேசாம இருக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்குப்பா."

பள்ளியின் சுற்றுச்சூழல் குழுவுக்கு அவள்தான் தலைவி. மற்றவர்களின் அப்பாக்களுக்கும் அதே பட்டறையில்தான் வேலை. நேற்று குழுவினர் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். சீட்டின் அடியில் இடுக்கி எழுதினாள்: "கூட யாரும் வரல. நான் மட்டும்தான் போறேன்."

நகராட்சியில் அறிக்கையைப் புரட்டிய அதிகாரி, "கழிவு அளவு கொஞ்சம்தாம்மா கூட இருக்கு. இத வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவள் பொழுது சாய்ந்து வீடு திரும்பியபோது அப்பா மறுபடி ஷிஃப்டுக்குப் போயிருந்தார். கழுவிய தட்டுக்குப் பக்கத்தில் அதே சீட்டு. அவள் எழுத்துக்குக் கீழே அப்பாவின் கோணல் எழுத்து:

"காலையில தண்ணி எடுத்தா ஒண்ணும் தெரியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேலதான் சாயக்கழிவத் திறந்துவிடறோம். பாலத்துக்குக் கீழ எடுக்கணும். தனியாப் போகாத. வியாழக்கிழமை எனக்கு லீவு."