அது நான் இல்லை

அன்புள்ள அக்கா,

வாக்கி டாக்கியில் பச்சை விளக்கு எரிவதைத்தான் முதலில் பார்த்தேன். யாராவது தங்கள் செட்டில் பொத்தானை அழுத்தினால்தான் இங்கே அது எரியும்.

எனக்குப் பேசக் கூச்சம் என்று அப்பா ஒரு வழி சொல்லி வைத்திருந்தாரே, நினைவிருக்கிறதா? வாயே திறக்க வேண்டாம், இரண்டு தடவை அழுத்தினால் போதும், 'நான் இருக்கிறேன்' என்று அர்த்தம். ஏரிக்குப் போகும் எல்லோருக்கும் இன்றுவரை அப்படித்தான் பதில் சொல்கிறேன். அப்பா காணாமல் போனபோது அவர் படகு மட்டும் அக்கரைக் கோரைக்குள் கிடைத்ததே, அதில் அவருடைய செட் இல்லை.

இன்று காலை பனிமூட்டம். மற்ற படகுகள் எல்லாம் கரையேறிவிட்டன, சித்தப்பா மட்டும் வரவில்லை. பிறகு அவர் குரல் வந்தது.

"ஏய் ஊமைக்கோட்டான்! நீ டக் டக்னு அழுத்துறது நல்லா கேக்குது. அதைப் பிடிச்சுக்கிட்டேதான் வர்றேன். கோரை படகுல உரசுது, கரை வந்துடுச்சுபோல."

நம் கரையில் கோரை கிடையாது, அக்கா. நான் அழுத்தவும் இல்லை. என் இரண்டு கைகளும் வலைக்குள் இருந்தன.

வலையை உதறிவிட்டுச் செட்டை எடுத்தேன்.

"சித்தப்பா, அது நான் இல்ல! திரும்புங்க. தகரத்தைத் தட்டுறேன், அந்தச் சத்தத்துக்கு வாங்க."

வந்துவிட்டார். "உனக்குள்ள இவ்ளோ பெரிய தொண்டையா?" என்று சிரித்தார். தன் செட்டை அணைத்துக் கீழே வைத்தார். அம்மா துண்டு எடுக்க உள்ளே போனாள்.

மறுபடியும் பச்சை விளக்கு எரிந்தது. டக் டக்.

நானும் இரண்டு தடவை அழுத்தினேன்.

உன் தங்கை