பத்தாயிரம் அடியும் பின்சீட்டும்

என்னங்க,

நான் பாராசூட்டுல குதிச்ச வீடியோவை எங்கம்மாவுக்கு அனுப்பி, "உங்க பொண்ணுக்கு உயிர்மேல ஆசையே இல்லை"ன்னு எழுதினீங்களாமே. அம்மா ரெண்டு வேளையாச் சாப்பிடலை.

குதிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பெல்ட்டையும் மூணு தடவை இழுத்துப் பாத்தாங்க. ஒரு பாராசூட் விரியலைன்னா இன்னொண்ணும் தயாரா இருந்துச்சு.

நீங்க தினமும் மத்திகிரியிலிருந்து வண்டிக் கண்ணாடிக்கு ஹெல்மெட் போட்டு ஓட்டுறீங்க. மாநில எல்லை தாண்டி அத்திப்பள்ளியில போலீஸைப் பாத்தாத்தான் அது உங்க தலைக்கு வருது. பத்தாயிரம் அடியில வராத நடுக்கம் எனக்கு உங்க பின்சீட்டுல வருதுங்க.

இந்தக் கடிதத்தை ஹெல்மெட்டுக்குள்ளதான் ஒட்டி வைக்கிறேன். எப்படியும் அத்திப்பள்ளியிலதான் படிப்பீங்க. வண்டியை ஓரமா நிறுத்திட்டுப் படிங்க.

உங்க உயிர்மேலயும் ஆசை வச்சிருக்கிறவ