எலி நான்தான்

தமிழரசி அப்பாவுக்கு,

சோறும் மீன் குழம்பும் மூடி வைத்திருக்கிறேன். என்னோடுதானே பேச்சில்லை, சாப்பாட்டோடு என்ன கோபம்?

வாங்கி வந்த எலிப்பொறியைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பூண்டும் கிராம்பிலையும் கலந்த தீவனம் மூட்டையில் குறைந்ததற்குக் காரணம் எலி இல்லை, நான்தான். வலது கோழிக்கூண்டுக்கு மட்டும் அதைப் போட வேண்டும், இடதுக்கு வெறும் தீவனம், அப்போதுதான் குடல் கிருமி இலையால் குறைகிறதா என்று தெரியும் என கால்நடை டாக்டர் சாப் சொன்னது எனக்கும் புரிந்தது. ஆனால் வெளியே போனால் நோய் ஒட்டிவரும் என்று இருபது நாளாக என்னையும் வேலிக்குள் போட்டுவிட்டீர்கள். இடது கூண்டுக் குஞ்சுகள் கழிந்து கழிந்து சாவதை நாள் முழுக்கப் பார்ப்பது நான்தானே! மூன்று நாளாக அதற்கும் ஒரு பிடி வைத்தேன்.

இன்று அவர் எச்சம் எடுக்க வருகிறார். இரண்டு கூண்டும் ஒன்றுபோல இருந்தால் இலையால் பயனில்லை என்று எழுதிவிடுவார். சௌல்தாரி ஊர் முழுக்க மறுபடி கோழிக்கு மருந்து ஊசிக்குப் போகும். "சும்மா இருடி" என்பீர்கள். ஜங்லிகாட்டில் என் அப்பாவின் காய்கறிக் கடையில் வாடின கத்தரிக்காயையும் சிரித்துக்கொண்டே விற்றவள் நான். இதை விற்க முடியவில்லை. பஸ் நிறுத்தத்திலேயே அவரிடம் சொல்லப் போகிறேன்.

பி.கு.: முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால் சரி என்பேன். இன்னொரு இருபது நாள் வேலிக்குள் கிடக்கிறேன். ஆனால் இடது கூண்டுக்கு நீங்கள்தான் தீவனம் வைக்க வேண்டும். என் கையை நான் நம்பவில்லை.